நெட்பிஎஸ்டிக்கு ஒரு டாஸ் எமுலேட்டரைப் பொதியாக்கிய அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் என் மாமா, 1990-களில், பழைய டாஸ் இயங்குதளத்துக்காக, ஃபாக்ஸ்புரோ என்னும் தரவுத்தள மென்பொருளில் எழுதி வாங்கிய நிரல் ஒன்றில்தான் நெடுங்காலம் கணக்கு வைத்திருந்தார். எந்த ஆளுக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தது, எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம் எவ்வளவு கழித்தது, கூலி பாக்கி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. இப்போது பில் போடுவது வேறு மென்பொருளில் என்றாலும், பழைய ஆட்களோடு கணக்குப் பார்க்கும்போது அந்த டாஸ் நிரலைத் திறந்தே ஆக வேண்டும். பட்டறைக் கோப்புகளைச் சேமிக்க நான் முன்பே நெட்பிஎஸ்டி என்னும் திறமூல இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்த பழைய 64 பிட் கணினி அங்கே இருந்ததால், அதிலேயே ஓர் எமுலேட்டரை, அதாவது பழைய கணினியைப் போல நடிக்கும் நிரலை, ஓட்டிவிட முடிவு செய்தேன்.

டாஸ்பாக்ஸ் என்னும் எமுலேட்டர் நெட்பிஎஸ்டிக்கு ஏற்கெனவே பொதியாக, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் முதன்மை நோக்கம் விளையாட்டுகள். எனக்கு வேண்டியவை கோப்புப் பூட்டும், அச்சுக்குப் போவதை உரைக்கோப்பாகப் பிடித்துத் தரும் வசதியும். இவற்றைக் கொண்ட, சி மொழியில் எழுதப்பட்ட, ஒரே ஒருவர் பராமரிக்கும் சிறிய திறமூல எமுலேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஓய்வு நேரத்தில் அதைக் கவனித்துக்கொள்ளும் அந்த மனிதருக்குக் கேள்விகள் குவிய வேண்டாம் என்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நெட்பிஎஸ்டியில் பொதிகளை உருவாக்கும் அமைப்புக்குப் பேக்கேஜ் சோர்ஸ் என்று பெயர். 1997-இல் ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் முறையிலிருந்து கிளைத்த இது, இன்று லினக்ஸ், மேக், இல்லுமோஸ் வழித்தோன்றல்கள் ஆகியவற்றிலும் இயங்குகிறது. ஒவ்வொரு பொதிக்கும் ஓர் அடைவு உண்டு. கட்டும் முறையைச் சொல்லும் மேக்ஃபைல், விளக்கக் குறிப்பு, நிறுவப்படும் கோப்புகளின் பட்டியல், மூலக் கோப்பின் அளவையும் பிளேக்2எஸ், எஸ்எச்ஏ512 சரிபார்ப்பு எண்களையும் தாங்கிய கோப்பு, திருத்தங்கள் அடங்கிய உள்ளடைவு ஆகியவையே அதில் இருக்கும். இவற்றை எழுதுவது ஒரு மாலை வேலைதான். கணினியில் ஒரு நூலகம் நிறுவப்பட்டிருந்தாலும், மேக்ஃபைலில் அதைச் சார்பாக அறிவிக்காதவரை மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் கண்ணுக்கே படாதபடி மறைத்துவிடும் பில்ட்லிங்க் என்னும் ஏற்பாடு தொடக்கத்தில் எரிச்சலூட்டும். ஆனால் 'என் கணினியில் ஓடுகிறதே' என்னும் பேச்சுக்கு முளையிலேயே முற்றுப்புள்ளி வைப்பது அதுதான் என்பதால், பிற பொதி அமைப்புகளிலும் அப்படியொன்று இருக்கக் கூடாதா என்று இப்போது எண்ணுகிறேன்.

முதலில் எதிர்ப்பட்ட தடைகள் லினக்ஸை மட்டுமே மனத்தில் வைத்து எழுதிய எந்த மென்பொருளிலும் காணக்கூடியவை. கட்டமைப்பு ஸ்கிரிப்டில் இரண்டு சொற்றொடர்களை ஒப்பிட இரட்டைச் சமக்குறி இருந்தது. அது லினக்ஸில் பரவலான பாஷ் ஷெல்லின் வழக்கம், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரம் சொல்வது ஒற்றைச் சமக்குறியை. பேக்கேஜ் சோர்ஸ் இதைத் தானே கண்டுபிடித்துக் கட்டுமானத்தை நிறுத்திவிடுகிறது. பைட் வரிசைக்கான தலைப்புக் கோப்பு இங்கே சிஸ் அடைவுக்குள் இருப்பதால் அந்த வரியை மாற்றினேன். தன் தரவுக் கோப்புகள் எங்கே என்று அறிய அந்த எமுலேட்டர் ஓடும் நிரல்களின் விவரம் தரும் லினக்ஸின் புராக் கோப்பமைப்பை நம்பியிருந்தது. நிறுவப்படும் இடம் பொதி கட்டும்போதே தெரியும் என்பதால், அதை நிரலுக்குள் நிலையாகப் பதிந்துவிடும்படி திருத்தினேன். இவ்வளவுக்குப் பிறகு, அஸ்தம்பட்டியில் என் வீட்டில் நெட்பிஎஸ்டியோடு இருக்கும், ஏஆர்எம் செயலி கொண்ட ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் பொதி பிசகின்றிக் கட்டப்பட்டது. ஃபாக்ஸ்புரோ நிரலும் திறந்தது.

அதே பொதியைப் பட்டறைக் கணினியில் கட்டி ஓட்டியபோது, திரை வந்த கணமே எமுலேட்டர் செத்து விழுந்தது.

இதன் காரணம்தான் இந்த வேலையிலேயே நான் அதிகம் கற்றுக்கொண்ட பகுதி. எமுலேட்டர்கள் பழைய செயலியின் கட்டளைகளை இரண்டு விதமாக நிறைவேற்றும். ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் பொருள் கண்டு செய்வது ஒரு விதம். கட்டளைத் தொகுதியை இன்றைய செயலியின் மொழிக்கு ஓட்டத்தின்போதே மாற்றி, நினைவகத்தில் எழுதி, எழுதிய இடத்துக்குத் தாவி ஓடுவது மற்றொரு விதம். இரண்டாவது வேகமானது, ஆனால் அதற்கு எழுதவும் இயக்கவும் ஒருங்கே அனுமதி பெற்ற நினைவகம் வேண்டும். தீய நிரல்கள் நுழைவதற்கு ஏற்ற வாசலும் அதுவே. ஆகவே 2018-இல் வெளிவந்த நெட்பிஎஸ்டி 8 முதல், பேக்ஸ் எம்புரொடெக்ட் என்னும் காப்பு ஏஎம்டி64 (பட்டறைக் கணினியின் 64 பிட் எக்ஸ்86 வகை) உள்ளிட்ட சில செயலிக் கட்டமைப்புகளில் இயல்பாகவே இயங்குகிறது. இரண்டு அனுமதிகளையும் சேர்த்துக் கேட்டால், இயங்குதளத்தின் மையமான கர்னல் இயக்கும் அனுமதியோடு நினைவகத்தைத் தருவதில்லை. எமுலேட்டரோ கேட்டது கிடைத்ததென்று நம்பி அங்கே தாவி விழுகிறது. வீட்டில் ஏன் விழவில்லை என்றால், இந்த எமுலேட்டரின் மொழிமாற்றப் பகுதி எக்ஸ்86 செயலிகளுக்கு மட்டுமே எழுதப்பட்டது. ஏஆர்எம் செயலியில் அது முதல் விதத்திலேயே ஓடியது.

அந்த ஒரு நிரலுக்கு மட்டும் காப்பிலிருந்து விலக்கு அளித்தபோது பட்டறையிலும் எமுலேட்டர் எழுந்தது. ஆனால் கணக்குக் கோப்புகள் எதுவும் இல்லை என்றது. மாமாவின் கோப்புகள் 'கணக்கு' என்று தமிழில் பெயரிட்ட அடைவில் இருந்தன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். அந்தப் பெயருக்குப் பதினெட்டு. பைட் ஒவ்வொன்றும் 127-க்கு மேற்பட்டது. டாஸ் பெயராக்குவதற்காக எமுலேட்டர் எல்லா எழுத்துகளையும் பெரிய எழுத்தாக மாற்றும் சி சார்பிடம் இவற்றை அப்படியே நீட்டுகிறது. எக்ஸ்86-இல் சி மொழியின் எழுத்து வகை குறியுடையது (எதிர்மறை மதிப்பும் ஏற்பது) என்பதால் இவை எதிர்மறை எண்களாகிவிடுகின்றன. லினக்ஸின் ஜிலிப்சி என்னும் சி நூலகம் -128 வரை பொறுத்துக்கொள்ளும். நெட்பிஎஸ்டி அவ்வாறு இடம் தருவதில்லை. எழுத்துப் பட்டியலுக்கு வெளியே கிடக்கும் ஏதோ ஒரு மதிப்பு எழுத்தாகத் திரும்புகிறது. ஏஆர்எம்மில் அதே வகை குறியற்றது என்பதால் வீட்டில் இந்தச் சிக்கலும் தலைகாட்டவில்லை. கம்பைலர் இந்த வரிகளை முன்பே எச்சரிக்கையாகச் சுட்டியிருந்ததால் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் குறியற்ற வகைக்கு மாற்றிக் கொடுத்ததும் அடைவு தெரிந்தது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது ஒருநாளும் பட்டிருக்காது.

எஞ்சியது அந்த விலக்கு. மேக்ஃபைலில் ஒரே வரியைச் சேர்த்தால், பொதியை நிறுவும் எல்லாருக்கும் அந்த நிரல் காப்பில்லாமல் ஓடும். பல பொதிகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் 486 காலத்துக் கணக்கு நிரலுக்கு இன்றைய செயலியில் மெதுவான முறையே தாராளம். மாமாவிடம் கேட்டபோது, "வேகம் எதுக்கு மாப்ள, பழைய பாக்கி தெரிஞ்சா போதும்" என்றார். ஆகவே மொழிமாற்றப் பகுதியை இயல்பாக அணைத்து, விரும்புவோர் தேர்ந்தெடுக்கக்கூடிய விருப்பமாக வைத்தேன். அதைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே விலக்கும் சேரும்.

பொதியை, பணி நடக்கும் பொதிகளுக்கான பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினேன். அங்கே பார்வையிட்டவர் இரண்டு கேட்டார். ஒவ்வொரு திருத்தக் கோப்பின் தலையிலும் அது ஏன் தேவை என்று எழுத வேண்டும் என்பது முதலாவது. பேக்கேஜ் லிண்ட் என்னும் சோதனைக் கருவியும் அதையே வலியுறுத்துகிறது. மூலக் கட்டோடு வந்த டாஸ் வட்டுப் படத்தின் உரிமம் தெளிவாக இல்லாததால் அதை நிறுவக் கூடாது என்பது இரண்டாவது. அதை நீக்கிவிட்டு, பயனர் ஃப்ரீடாஸ் என்னும் திறமூல டாஸைத் தாமே இட்டுக்கொள்ளும்படி குறிப்பு எழுதினேன்.

திருத்தங்களை மூல ஆசிரியருக்கும் அனுப்பியிருக்கிறேன். ஸ்கிரிப்ட், பைட் வரிசை, எழுத்து வகை ஆகிய மூன்றையும் அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த வெளியீட்டில் அந்தக் கோப்புகளை என் பொதியிலிருந்து எடுத்துவிடலாம். ஒரே நினைவகத்தை எழுதுவதற்கு ஒரு முகவரியிலும் இயக்குவதற்கு இன்னொரு முகவரியிலும் காட்டும் வழி நெட்பிஎஸ்டியில் இருக்கிறது. அதைக் கையாண்டால் விலக்கே தேவைப்படாது. ஆனால் அதற்கு மொழிமாற்றப் பகுதி முழுவதையும் திருத்தி எழுத வேண்டும் என்றும், இப்போதைக்கு இயலாது என்றும் அவர் பதில் எழுதியிருக்கிறார். அதுவரை அந்த விருப்பம் அணைந்த நிலையிலேயே இருக்கும்.