பிரோனிகா போன பிறகு

போன ஆடி மாதம் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வைத்து என் பிரோனிகா எஸ்க்யூ-ஏ ஃபிலிம் கேமரா மூச்சை நிறுத்தியது. கடலில் விழவில்லை, கைதவறிக் கீழே போடவும் இல்லை. பட்டனை அமுக்கினேன், சத்தம் வரவில்லை. புது பேட்டரி போட்டேன், அப்போதும் இல்லை. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கேமராவைத் துண்டில் சுற்றிப் பைக்குள் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பேட்டரி மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பேட்டரி உட்காரும் குழி முழுக்கப் பச்சைக் களிம்பு. லென்ஸைக் கழற்றினால், பாடியிலிருந்து லென்ஸுக்கு மின்சாரம் போகிற குட்டி ஊசிகளில் இரண்டு கறுத்துக் கிடந்தன. ஒரே நாளில் நடந்த சாவு இல்லை இது. பதினோரு வருட உப்புக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

ராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டலில்தான். பிரோனிகா என் சொந்த ஆசைக்கு. பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்கள், கரைவலை இழுப்பவர்கள், 1964 புயல் மிச்சம் வைத்த தனுஷ்கோடிச் சுவர்கள் என்று பன்னிரண்டு பன்னிரண்டாகச் சதுரப் படங்கள் எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். நாலு மாதம் வைத்திருந்துவிட்டு, "போர்டு போச்சு சார், இதே மாடல் செத்தது ஒண்ணு கிடைச்சா கொண்டு வாங்க, அதுலேர்ந்து பிடுங்கி மாட்டலாம்" என்றார்கள். அதை முதல் வாரமே சொல்லியிருக்கலாம். தயாரித்த கம்பெனியே கேமரா செய்வதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. செத்ததைத் தேடி அலைவதற்குப் பதில், உயிரோடு இருப்பது வேறு ஒன்றைத் தேடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த நாலு மாதக் காத்திருப்பில் ஒன்று மட்டும் தெளிவாகியிருந்தது. இந்தக் கடற்கரைக்கு வாங்கினால் ஒன்று முழுக்க முழுக்க மெக்கானிக்கலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பெனி இன்னும் சர்வீஸ் தருகிற புது டிஜிட்டலாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற ரெண்டுங்கெட்டான் ரகம் வேண்டாம். அதாவது ஃபிலிம் போட வேண்டும், ஆனால் ஷட்டர் ஓட பேட்டரியும் வேண்டும், சர்க்யூட் போனால் பாகம் கிடையாது என்கிற வகை. பிரோனிகா அதில்தான் சேர்த்தி. இந்த ஒரு விதியிலேயே பட்டியல் பாதியாகிவிட்டது. மாமியா ஆர்இசட்67, கான்டாக்ஸ் 645 இரண்டும் போயின. பென்டாக்ஸ் 67-ஐ நண்பர்கள் பலர் சிபாரிசு செய்தார்கள். அதற்கும் பேட்டரி வேண்டும், அதோடு ஷட்டர் 1/30 நொடியைவிட வேகமாக ஓடினால் ஃபிளாஷ் ஒத்துப்போகாது. உச்சி வெயிலில் ஃபிளாஷ் அடிக்கிற எனக்கு அது எதற்கு?

முதலில் கையில் எடுத்துப் பார்த்தது மாமியா ஆர்பி67. பரமக்குடியில் தொழிலை விட்டுவிட்ட ஒரு அண்ணன் வைத்திருந்தார். "எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் வச்சுப் பாருப்பா, பிடிச்சா பேசிக்கலாம்" என்று கொடுத்தார். 1970-இல் வந்த மாடல், பேட்டரியே கிடையாது. ஃபிலிம் பகுதியை மட்டும் திருப்பிப் படுக்கைப் படம், நெட்டுப் படம் இரண்டும் எடுக்கலாம். நெகட்டிவ் ஆறுக்கு ஏழு சென்டிமீட்டர், ஒரு ரோலுக்குப் பத்துப் படம். ஸ்டுடியோவுக்குள் வைத்துக்கொண்டால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் லென்ஸோடு இரண்டே முக்கால் கிலோ. பாம்பன் கரையில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவது போல இருந்தது. கனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதில் துருத்தி போல மடிந்து விரியும் பெல்லோஸை நீட்டித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கிட்டத்தில் ஒரு முகத்துக்கு ஃபோகஸ் செய்ய பெல்லோஸை நீட்டினால் காற்று அதைப் பிடித்து உலுக்குகிறது. ட்ரைபாட் காலை மணலில் அழுத்தி நிறுத்தினால், ஒரு அலை வந்து போனதும் ஒரு கால் மட்டும் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். நாலாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் சிரித்தார். கடற்கரைக்கு அதை எடுத்துப்போன முதல் ஆள் நான்தானாம்.

அடுத்து டிஜிட்டல். மதுரையில் ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் II இரண்டு நாள் வாடகைக்குக் கிடைத்தது. குறை சொல்ல அதிகம் இல்லை. பாடிக்குத் தூசி, ஈரம் புகாத சீல் உண்டு. கை ஆடினாலும் படம் ஆடவில்லை. ஐந்து கோடிப் பிக்சல். திரையை மடக்கிக் குனிந்து பார்க்கலாம், சதுரமாகவும் அமைக்கலாம். கரைவலைப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் வலையில் ஒவ்வொரு கண்ணும் எண்ணலாம் போல இருந்தது. எடுத்த கையோடு படத்தை ஃபோனுக்கு மாற்றி வலை இழுத்தவர்களுக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் நாலைந்து பேருடைய வாட்ஸ்அப் முகப்பில் அந்தப் படம்தான். பிரோனிகாவில் எடுத்த படம் அவர்கள் கைக்குப் போக ஒரு மாதமாவது ஆகும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வரை இதைத்தான் வாங்குவதாக இருந்தேன். அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஃபுஜியின் சென்சார் 43.8-க்கு 32.9. பரப்பளவில் பார்த்தால் என்னிடம் இருப்பதைப் போல ஒன்றே முக்கால் மடங்குகூட வரவில்லை. ஆறுக்கு ஆறு என்று சொல்லும் ஃபிலிம் சதுரம் உண்மையில் 56-க்கு 56. ஃபுல் ஃபிரேமைப் போல மூன்றரை மடங்குக்கு மேல், ஃபுஜி சென்சாரைப் போலவே இரண்டு மடங்குக்கு மேல். மீடியம் ஃபார்மட் என்று இரண்டையும் ஒரே பேரில் அழைக்கிறோம், அவ்வளவுதான். கூர்மையில் டிஜிட்டல்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல ஃபுல் ஃபிரேம் கையில் இருக்கும்போது அந்தக் கூடுதல் கூர்மைக்கு மட்டும் அவ்வளவு பணம் போட மனம் வரவில்லை. டிஜிட்டலே இல்லாத ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். இதே மாதிரி டிஜிட்டலான ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையையும் விசாரித்தேன். அந்த விலைக்கு ஃபைபர் வள்ளமும் இன்ஜினும் வாங்கிக் கடலுக்கே போய்விடலாம்.

இன்னொரு காரணம் ஃபிளாஷ். இங்கே காலை ஒன்பதரைக்கு மேல் வெயில் நெற்றியில் நேராக இறங்கும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் படத்தில் விழும். அதை நிரப்பத்தான் ஃபிளாஷ். ஃபுஜியில் ஷட்டர் பாடிக்குள் இருப்பதால் 1/125 வரைதான் ஃபிளாஷ் ஒத்துப்போகும். ஐஎஸ்ஓ 100-இல் அந்த வேகத்துக்கு லென்ஸ் துளையை எஃப் 16 வரை மூட வேண்டிவரும். லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாகத் திறந்து மூடும் லீஃப் ஷட்டர் இருந்தால் 1/500-லும் ஒத்துப்போகும். அப்போது எஃப் 8 போதும், ஃபிளாஷுக்கு நாலில் ஒரு பங்கு வெளிச்சம் போதும். பையில் ஒரு சின்ன ஃபிளாஷோடு முட்டளவுத் தண்ணீரில் நிற்கிறவனுக்கு இது பெரிய விஷயம். பாடி ஷட்டரிலும் வேகத்தைக் கூட்டி ஃபிளாஷ் அடிக்க அதிவேக சிங்க் என்று ஒரு வழி இருக்கிறது. அதில் ஃபிளாஷின் பலம் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

ஆக, பேட்டரி வேண்டாம், லீஃப் ஷட்டர் வேண்டும், சதுரம் வேண்டும், ஆட்டுக்குட்டி வேண்டாம். மிஞ்சியது ஹாசல்பிளாட் 500சி/எம் என்கிற பழைய ஃபிலிம் கேமரா.

காரைக்குடியில் காலமாகிவிட்ட ஒரு ஸ்டுடியோக்காரரின் வீட்டில் ஒன்று இருப்பதாகத் தெரிந்து தை மாதம் போனேன். பெரியவரின் மகன் கூடத்தில் துணி விரித்து எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். "நிலாவுக்குப் போன கேமராங்க" என்று ஆரம்பித்தார். நிலாவுக்குப் போனது மோட்டார் வைத்த 500இஎல் வகை. அந்த நேரத்தில் அதைச் சொல்லி அவர் ஆசையைக் கெடுப்பானேன் என்று தலையாட்டிக்கொண்டேன்.

பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். பின்னால் ஃபிலிம் போடும் பெட்டியான ஃபிலிம் பேக்கைக் கழற்றினால் பாடியில் வரிசை எண் தெரியும். முதல் இரண்டு எழுத்து தயாரித்த வருடம். 'விஹெச் பிக்சர்ஸ்' என்பதன் பத்து ஆங்கில எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9, கடைசியில் 0. இதில் 'ஆர்சி' என்று இருந்தது, அதாவது 85. அடுத்து ஒரு நொடி வேகத்தில் வைத்து லென்ஸைக் காதருகே பிடித்து அமுக்கினேன். உள்ளே பல்சக்கரம் திணறாமல் ஒரே சீராகச் சுழல்கிற சத்தம் வர வேண்டும். எண்ணெய் காய்ந்திருந்தால் நடுவில் இழுக்கும். இழுக்கவில்லை. பின்பக்கமாகப் பார்த்தபடி அமுக்கினால் இரண்டு கறுப்புக் கதவுகள் திறந்து மூடும், அவை முழுக்க மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். லென்ஸ் 80 மில்லிமீட்டர் பிளானார். பழைய சி ரகம் இல்லை, 1982-க்குப் பிறகு வந்த சிஎஃப் ரகம். ஷட்டர் பாகம் பழையதைவிடக் கிடைப்பது சுலபம். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தேன். சிலந்தி நூல் போல ஃபங்கஸ் எதுவும் இல்லை. நம் கடற்கரையில் வைத்திருந்த லென்ஸாக இருந்தால் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

ஃபிலிம் பேக் இரண்டு இருந்தன. ஏ12 பேக்கில் கூட்டிலும் உள்ளே செருகும் பகுதியிலும் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் பொருந்தியது, இன்னொன்றில் இல்லை. எப்போதோ யாரோ ஜோடி மாற்றிவிட்டிருக்கிறார்கள். பொருந்தாததை விட்டுவிட்டு, பொருந்தியதோடு 1,30,000 ரூபாய்க்கு முடித்தோம். வாடகைக்கு எடுத்த ஃபுஜியைப் பழசாக வாங்கியிருந்தாலும் லென்ஸோடு இதைப் போல இரண்டு மடங்காவது ஆகியிருக்கும்.

ஊருக்கு வந்து முதல் படம் அமுக்கியதும் ஃபைண்டர் இருண்டுபோனது. அடிவயிறு கலங்கிவிட்டது, இதுவும் போச்சா என்று. அப்புறம்தான் நினைவு வந்தது, கைப்பிடியைச் சுற்றினால்தான் இதில் கண்ணாடி கீழே இறங்கும், வெளிச்சம் திரும்பும். இரண்டாவது வாரம் லென்ஸைக் கழற்றும்போது பாடியில் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறேனா என்று பார்க்காமல் கழற்றி, திரும்ப மாட்ட முடியாமல் முழித்தேன். பாடி, லென்ஸ் இரண்டுமே சுற்றப்பட்டிருந்தால்தான் மாட்டும். திருப்புளியால் உள்ளே இருக்கும் தண்டைத் திருகிச் சரிசெய்தேன். அதிலிருந்து கரையில் லென்ஸைக் கழற்றுவதே இல்லை.

சின்னப்பாலத்தில் பழைய ஆட்களிடமே போனேன். பாசி எடுத்துக் கரையேறுகிறவர்கள் விரலுக்கு விரல் துணி சுற்றியிருப்பார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. காலில் தகடு கட்டியிருப்பார்கள். அந்தத் துணியைப் பிரிக்கிற கையைத்தான் முதலில் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி கேட்டார்: "பெட்டி மாறிருச்சா தம்பி? போன தடவை ஒண்ண மூஞ்சிக்கு நேரா நீட்டுனியே, அதுக்கு இது தேவல. குனிஞ்சுகிட்டு நீ பாட்டுக்கு இருக்க." அவர் சொன்ன போன தடவை, ஃபுஜியைக் கொண்டுபோன நாள். அதிலும் குனிந்து எடுத்திருக்கலாம்தான். ஆனால் கண்ணில் வைத்துப் பார்க்க வசதி இருந்தால் கை தானாக மேலே போய்விடுகிறது.

உப்புக்கு இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் துடைக்கக் கூடாது, மணல் கீறும். முதலில் ஊதி எடுக்க வேண்டும். அப்புறம் பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணி, அதன் பிறகு காய்ந்த துணி. கடைசியில் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுவேன். ஜெல் நீலம் போய் இளஞ்சிவப்பானால் வாணலியில் போட்டு வறுத்தால் திரும்ப நீலமாகும். இதற்காகவே வீட்டில் எனக்கென்று தனி வாணலி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத வேண்டாம்.

கலர் ஃபிலிமை விட்டுவிட்டேன். ரோலை வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பிக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கறுப்பு வெள்ளையில் எஃப்பி4 ஃபிலிம் மட்டும், மாதம் இரண்டு ரோல். நானே கழுவி, நெகட்டிவை லைட் பெட்டியில் வைத்துக் கல்யாணக் கேமராவாலேயே படம் பிடித்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடுகிறேன். கழுவுவதில்தான் ஊர் குறுக்கே நிற்கிறது. டெவலப்பர் மருந்தைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். என் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. அந்தச் சூட்டில் நேரம் மிகவும் குறுகி, டெவலப்பர் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். குழாயில் வருவது உப்புத் தண்ணீர் வேறு. கடைசி அலசலுக்கு அதே பேட்டரித் தண்ணீர்தான், இல்லையென்றால் நெகட்டிவில் வெள்ளைப் பொட்டு விழும். சூட்டுக்கு வழி மண்டபத்தில் கிடைத்தது. மீனுக்குப் போடுகிற ஐஸ். கால் கட்டி வாங்கி வந்து உடைத்துத் தொட்டியில் போட்டு, மருந்து பாட்டில்களை அதற்குள் நிறுத்தி வைத்தால் அரை மணியில் 20-க்கு வந்துவிடும். ஐஸ் கம்பெனியில் ஒவ்வொரு தடவையும் "என்ன மீன்ணே?" என்று கேட்பார்கள். பாறை என்று சொல்லிவிடுவேன்.

இதில் ஒன்றை நான் யோசிக்கவில்லை. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியது, 61 நாள். நான் ஐஸ் வாங்கும் கம்பெனி ஓட்டத்தைக் குறைத்துவிட்டது. போகிற நாளில் கிடைத்தால் உண்டு. வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு ட்ரே ஐஸ் எந்த மூலைக்கு? எடுத்து முடித்த ஏழு ரோல் இப்போது இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஜூன் 14 எப்போது முடியும் என்று.