பதினாறு வருஷம் கழித்து ஒரு குரல்

2008க்குப் பிறகு 'தி க்யூர்' என்ற இங்கிலாந்து ராக் குழு ஒரு புது ஆல்பம் போட்டது 2024 நவம்பர் 1 அன்றுதான். 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்', மொத்தம் எட்டே பாட்டு. எங்கள் காலேஜ் வாட்ஸாப் குரூப்பில் அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

ஓசூரில் இருக்கும் நண்பனுக்குப் பிடிக்கவில்லை. "முதல் பாட்டுல குரல் வரவே மூணு நிமிஷத்துக்கு மேல ஆகுதுடா. பழைய துள்ளல் எங்கடா போச்சு?" என்கிறான். கிருஷ்ணகிரியில் டீச்சராக இருக்கும் தோழி, "அந்தக் காத்திருப்புதான்டா பாட்டே" என்றாள்.

நான் அவள் பக்கம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ராத்திரி பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசிப் பாட்டைக் கேட்டேன். பத்து நிமிஷப் பாட்டு. குரலே இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் ஆறு நிமிஷத்துக்கு மேல் போகின்றன. காரிமங்கலம் தாண்டும்போதுதான் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பாட ஆரம்பித்தார். 65 வயதில் பதிவு வெளிவந்தபோதும் அந்தக் குரல் துளி தேயவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது வேறு பாட்டு. இறந்துபோன தன் அண்ணனை நினைத்து அவர் எழுதியது. எனக்கு இந்தக் குழுவின் முதல் கேசட்டைக் கொடுத்ததே என் அண்ணன்தான். அவன் போய் நாலு வருஷம் ஆகிறது. துள்ளல் இல்லை என்கிறவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. அந்த ஒரு பாட்டை மட்டும், ராத்திரியில், தனியாக, ஹெட்போனில் கேளுங்கள்.

அண்ணா, நீ இதைக் கேட்டிருக்கணும்.