மூன்று நாள் முடிந்தது, திங்கட்கிழமையிலிருந்து என்ன செய்வது?

தியானம் முடித்து வந்தவரைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். முகம் தெளிந்திருக்கும், பேச்சில் கனிவு இருக்கும். மூன்றாம் வாரம் அவரே பழைய எரிச்சலோடு கடையில் நிற்பார். அவர் பொய்யாக அழவுமில்லை, பொய்யாக வாக்குக் கொடுக்கவுமில்லை. அவரைத் தாங்க வாரத்தில் ஒரு மணி நேரம்கூட யாரும் இல்லை, அவ்வளவுதான்.

குர்சில்லோ என்ற கத்தோலிக்க மூன்று நாள் தியான இயக்கத்தைத் தொடங்கியவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்திருந்தார்கள். 1940களில் ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்கா தீவில் எதுவார்தோ பொன்னின் என்ற பொதுநிலையினரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கியது இது. ஆயர் ஹுவான் ஹெர்வாஸ் துணை நின்றார். 1963இல் திருத்தந்தை ஆறாம் பவுல், புனித பவுலை இந்த இயக்கத்தின் பாதுகாவலராக அறிவித்தார். வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடியும் மூன்று நாளில் 15 உரைகள். வழக்கமான அமைப்பில் அவற்றில் பத்தைப் பொதுநிலையினரும் ஐந்தைக் குருக்களும் கொடுப்பார்கள். கடைசி உரையே, பிறகு வாரந்தோறும் கூட வேண்டிய சிறுகுழுவைப் பற்றியதுதான். அதன்பின் சாகும்வரை உள்ள வாழ்க்கை முழுவதற்கும் ‘நான்காம் நாள்’ என்று பெயர். மெதடிஸ்டுகளிடையே எம்மாவு நடை என்று வளர்ந்ததும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே கீழே எழுதியிருப்பது ரங்கூனில் உள்ள மெதடிஸ்ட் குடும்பங்களுக்கும் பொருந்தும்.

நம் பர்மாவில் முப்பது பேரை மூன்று இரவு ஓரிடத்தில் தங்கவைப்பது லேசான காரியமில்லை. இரவு விருந்தாளிகளை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். சாப்பாடு, ஜெனரேட்டர், போக்குவரத்து எல்லாம் பார்க்க வேண்டும். நான்கு பேர் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார இவ்வளவு வேண்டாம். அதனால் ரங்கூன், பெகு, தான்லின் பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சிறுகுழுவில் தொடங்குவதே நடக்கக்கூடிய வழி. ஒன்று மட்டும்: மூன்று நாளைச் செய்யாமல் இதை ‘குர்சில்லோ’ என்று அழைக்காதீர்கள். சிறுகுழு என்றே சொல்லுங்கள். பங்குத்தந்தைக்கும் தெரிவித்துவிடுங்கள்.

ஆட்கள் மூன்றிலிருந்து ஐந்துக்குள். நான்கு பேர் என்றால் மிகச் சரி. ஒரு மணி நேரத்தில் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும், செபத்துக்கும் இடம் இருக்கும். ஆறு பேரானால் ஆளுக்கு எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் மேலோட்டமான செய்திதான் வரும், உள்ளே இருப்பது வராது. இரண்டே பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் குழு நின்றுபோகும். ஆண்கள் தனி, பெண்கள் தனி. கணவனும் மனைவியும் ஒரே குழுவில் வேண்டாம்.

யாரோடு சேர்வது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். மச்சான், சம்பந்தி, ஒரே தெரு என்று பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். உறவு இருப்பது தடையில்லை. ஆனால் கடை முதலாளியும் அவரிடம் சம்பளம் வாங்குபவரும் ஒரே குழுவில் இருந்தால், வேலைக்காரர் வாயே திறக்க மாட்டார். சீட்டுப் பிடிப்பவரும் சீட்டுக் கட்டுபவரும் சேர்ந்தாலும் அதே கதை. கைமாற்று வாங்கியவர் தவணை தவறிய வாரத்தில் குழுவுக்கு வரமாட்டார். பிறகு வரவே மாட்டார். குழுவுக்குள் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு உண்மையிலேயே பண நெருக்கடி என்றால் குழுவுக்கு வெளியே வேறு யாரையாவது கொண்டு உதவலாம்.

இடம், வீடுதான். லபே என்கிற தேநீர் குடிக்கிற கடை வேண்டாம். பக்கத்து மேசைக்குக் கேட்கும் என்றால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சாப்பாடும் வேண்டாம். முதல் வீட்டில் மொஹிங்கா, இரண்டாம் வீட்டில் பிரியாணி என்று போனால் மூன்றாம் வீட்டு அக்கா முறை வருவதற்குள் காரணம் சொல்லி நின்றுவிடுவார். வெறுந்தேநீர் போதும். மின்வெட்டு நேரம் பார்த்து நாளைக் குறிக்க வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். சார்ஜ் விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, இருட்டுமுன் எல்லாரும் வீடு போய்ச் சேரும்படி ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்குத் தலைவர் இல்லை. வாரம் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவே. தூய ஆவியாரை நோக்கிச் சிறிய செபம், இரண்டு நிமிடம். அதற்கு மேல் நீட்டாதீர்கள். புகழ்ச்சிப் பாடலில் ஈடுபாடுள்ள ஒருவர் இருந்தாலே போதும், செபம் நாற்பது நிமிடமாகி, பகிர்வு நடக்காமலே கலைந்துவிடும். அது நல்ல செபக்கூட்டம்தான். ஆனால் சீடத்துவத்துக்கான குழு அன்று கூடவில்லை.

செபம் முடிந்து, சென்ற வாரத் திட்டத்தைக் கேட்டபின், முக்காலியின் மூன்று கால்கள்: இறைப்பற்று, படிப்பு, செயல். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சீட்டில் மூன்றுக்கும் எழுதி வைத்திருப்பார்கள். அதை நிறைவேற்றினேனா என்று மட்டும் சொல்ல வேண்டும். சீட்டில் சிறிதாக எழுதுங்கள். தினமும் முழுச் செபமாலை, ஒரு மணி நேர விவிலியம், வாரத்தில் மூன்று திருப்பலி என்று எழுதியவர் இரண்டாம் வாரமே வெட்கப்பட்டு நிறுத்துவார். காலையில் பதினைந்து நிமிடம் நற்செய்தி, ஞாயிறு திருப்பலி, மாதம் ஒருமுறை ஒப்புரவு அருள்சாதனம் என்று தொடங்கினால் நிற்கும்.

படிப்பில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்கள் தமிழில் வாசிக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வந்தாலும் படிக்கப் பர்மியம்தான் எளிது. தமிழ் படிக்காதவரைத் தாழ்த்தாதீர்கள். ஒரே பகுதியை இரண்டு மொழியிலும் வாசித்தால் குழுவுக்கே லாபம். ‘செஸூ தின் பா தே’ என்று சந்தையில் நன்றி சொல்கிறோமே, அந்த ‘செஸூ’தான் பர்மிய விவிலியத்தில் ‘அருள்’ என்ற இடத்திலும் நிற்கிறது. அருள் என்பது பெற்ற நன்மை என்பதைத் தமிழில் மட்டும் வாசிப்பவர் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டார்.

செயல் என்றதும் கோவிலில் நாற்காலி போட்டேன், பாடகர் குழுவுக்குப் போனேன் என்பார்கள். அவை நல்ல பணிகள். ஆனால் இங்கே கேட்பது வீட்டில், கடையில், தெருவில் கிறிஸ்துவைப் போல என்ன செய்தேன் என்பதை. தெயின்ஜி சந்தையில் அரிசி விற்பவருக்கு, ஒரு பியி என்ற அரிசி அளவு என்றால் பால் டின்னால் எட்டு. அந்த எட்டும் தலைதட்டாமல் நிறைந்திருப்பதே இந்த வாரச் செயலாக இருக்கலாம். அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் பௌத்தர்கள். அவர்களை மடக்கிப் பேசுவது செயல் ஆகாது. நண்பனாக்கு, நண்பனாக இரு, பிறகு நண்பனைக் கிறிஸ்துவிடம் அழைத்து வா என்பதுதான் இயக்கத்தின் வரிசை. முதல் இரண்டுக்கே வருடங்கள் ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

அடுத்த கேள்விதான் குழுவின் உயிர்: இந்த வாரம் எந்தக் கணத்தில் கிறிஸ்துவுக்கு மிக அருகில் இருந்தீர்கள்? பெரும்பாலோர் முதலில் சொல்வது, “ஆண்டவர் எப்பவும் கூடவே இருந்தாருங்க.” அது விசுவாசம், பதில் அல்ல. கடிகாரம் பார்ப்பவர் மென்மையாக, “எந்த நாளுண்ணே? எங்கே இருந்தீங்க?” என்று கேட்க வேண்டும். புதன்கிழமை, பஸ்ஸில், மழையில் நின்ற கிழவிக்கு இடம் கொடுத்தபோது என்று வந்தால் அதுதான் பதில். ஒரே ஒரு கணம் போதும். ஒன்றுமே இல்லை என்றால் “இல்லை” என்று சொல்லலாம். அப்படிச் சொன்னவருக்கு யாரும் ஆறுதல் சொல்லிப் பூச வேண்டாம். அந்த ‘இல்லை’யை நால்வர் முன் சொல்ல முடிந்தவர் அடுத்த வாரம் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்.

பிறகு, பணியில் கைகூடியது எது, கைகூடாதது எது. ‘கைகூடாதது’ என்பதைப் பாவ அறிக்கை என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள், சிலர் சொல்லக்கூடாததையும் சொல்லிவிடுகிறார்கள். பாவம் குருவிடம் போக வேண்டியது. இங்கே சொல்வது, நண்பனைப் போய்ப் பார்க்க நினைத்து ஏன் போகவில்லை, மகனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து ஏன் அதட்டினேன் என்ற வகை. கேட்பவர்கள் கேட்க மட்டும் வேண்டும். நம் பெரியவர்களுக்கு இது கடினம், “தம்பி, நீ என்ன செய்யணும்னா...” என்று தொடங்கிவிடுவார்கள். கேட்டால் மட்டும், அதுவும் இறுதிச் செபம் முடிந்தபின் சொல்லுங்கள். சின்னவரும் பெரியவர் நீட்டும்போது நிறுத்தச் சொல்ல உரிமையுள்ளவர். கடிகாரம் ஒருவர் கையில் இருப்பது இதற்காகத்தான்: மரியாதை குறையாமல், “ஐயா, நேரமாச்சு” என்று சொல்லிவிடலாம்.

கடைசியில் திட்டம். யாரை, என்ன, எந்த நாள் என்று மூன்றும் இருக்க வேண்டும். “இன்னும் அன்பாக இருப்பேன்” என்பதை அடுத்த வாரம் யாரும் சரிபார்க்க முடியாது. “வியாழன் மாலை அண்ணன் வீட்டுக்குப் போய், நிலத் தகராறைப் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து வருவேன்” என்றால் முடியும். அடுத்த வாரம் செபம் முடிந்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்ட குழு ஆறு மாதத்தில் அரட்டையாகிவிடும். ஒரே திட்டம் மூன்று வாரம் தொடர்ந்து தவறினால் ஆளைக் குறை சொல்லாதீர்கள், திட்டத்தைப் பாதியாக்குங்கள்.

இங்கே பேசியது வெளியே போகாது. மனைவியிடமும் சொல்லக்கூடாது, ‘அவருக்காகச் செபியுங்கள்’ என்ற சாக்கிலும் சொல்லக்கூடாது. ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இந்த விதி இல்லை. அன்றே பாதுகாக்கக்கூடியவரிடம் போக வேண்டும்.

மாதம் ஒருமுறை குழுக்கள் ஒன்றுகூடுவது உல்த்ரேயா. ஸ்பெயினில் புனித யாக்கோபின் சந்தியாகு திருத்தலத்துக்குப் போகும் திருப்பயணிகள் ஒருவரையொருவர் ‘இன்னும் முன்னே’ என்று ஊக்கிய சொல் அது. முதலில் சிறுகுழுக்களாக உட்கார்ந்து, பிறகு ஒருவர் சாட்சி சொல்ல, இரண்டு மூன்று பேர் சுருக்கமாக அதைத் தொட்டுப் பேச, குரு முடித்து வைப்பார். பிப்ரவரியில் நியாங்லேபின் லூர்து அன்னை திருவிழாவுக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் அந்தப் பயணத்தையே இதற்குப் பயன்படுத்தலாம்.

ஒரு குழு இரண்டு வருடம் நன்றாக நடந்தால் பிரிய வேண்டிய நேரம் வருகிறது: நால்வரில் இருவர் வெளியே போய் புதிய இருவரோடு உட்கார வேண்டும். இது வலிக்கும். ஆனால் நால்வரும் ஒட்டியே இருந்தால் ஐந்தாவது ஆள் என்றும் உள்ளே வரமாட்டார். புதியவரை அழைக்கும்போது, குடும்பம் உடையும் நிலையில் இருப்பவரையோ ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவரையோ மருந்தாக நினைத்துக் கொண்டுவராதீர்கள். அவருக்கு வேறு துணை முதலில் வேண்டும். அழைக்குமுன் குழுவினர் அவருக்காகச் செபமும் சிறு தியாகங்களும் ஒப்புக்கொடுப்பார்கள். இயக்கத்தில் இதை ‘நெம்புகோல்’ என்பார்கள்.

இப்போது பல குழுக்களில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார். வைபர் செயலியில் சேர்க்கலாம், ஆனால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், படம் இல்லாமல் குரல் மட்டும். நேரத்தைப் பர்மா நேரப்படியே குறியுங்கள்: பாங்காக் நம்மைவிட அரை மணி முன்னே, கோலாலம்பூரும் சிங்கப்பூரும் ஒன்றரை மணி முன்னே. லைன் பாதியில் அறுந்தால் மீதி இருப்பவர்கள் தொடர வேண்டும். அறுந்தவர் தன் திட்டத்தை மட்டும் மறுநாள் போனில் சொல்லட்டும். எதையும் எழுதி அனுப்ப வேண்டாம். அந்தப் போன் வேறு யார் கையில் இருக்கும் என்பது நமக்குத் தெரியாது.