2023, நம்ம ஊர்ப் பேச்சுக்கு வாய்த்த வருசம்

கொங்குப் பேச்சுக்கு 2023 மாதிரி ஒரு வருசம் அமைந்ததாக எனக்கு நினைவில்லை. மார்ச்சில் பெருமாள்முருகனின் 'பூக்குழி' சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது, தமிழிலிருந்து அங்கே போன முதல் நாவல் அதுதான். நவம்பரில் அவருடைய 'ஆளண்டாப்பட்சி'க்கு, இந்தியப் புனைவுக்கான ஜேசிபி இலக்கியப் பரிசு. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜனனி கண்ணனையும் சேர்த்துத்தான் கொண்டாட வேண்டும். சொத்துப் பிரித்ததில் மனசு நொந்து வேறு சீமைக்கு நிலம் தேடிப் போகிற குடியானவன் கதை, எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிற கதை.

ஆனால் எனக்கு நெஞ்சு நிறைந்தது டிசம்பரில்தான். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' சாகித்ய அகாதமி வாங்கியது. தலைப்பு கணியன் பூங்குன்றனின் புறநானூற்று வரி, உள்ளே இருப்பதோ ஊருக்கெல்லாம் சவரம் செய்த குடிநாவிதர்களின் வாழ்க்கை. காரு மாமாவின் சாவில் தொடங்கி, சொந்தபந்தம் மொத்தமும் வந்து கூடுகிற அந்தப் பக்கங்களைத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவைப் பெற்ற அம்முச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முறத்தில் அவரைக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"ஏஞ்சாமி, இதையெல்லாமா பொஸ்தகத்துல எழுதுவாங்க?"

ஆமாம் அம்முச்சி என்றேன். அப்புறம் இன்னும் இரண்டு அத்தியாயம் படிக்கச் சொன்னாள்.