ஒன்றரை வோல்ட் செல்லும் ஒரு தோள்பையும்

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு தொடங்க அரை மணி நேரம் இருந்தது. மைக் செட் போட்டிருந்த தம்பி பதறிப்போய் போன் செய்தார். "அண்ணே, மிக்சர் போயிருச்சு. பாட்டுல மியூசிக் வருது, பாடுறவர் குரல் மட்டும் வரல."

மிக்சர் என்பது மைக், பாட்டு எல்லாவற்றையும் கலந்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி. போய்ப் பார்த்தால் குரல் வராதது உண்மைதான். தவில், நாதஸ்வரம், வயலின் எல்லாம் ஓரமாகக் கேட்கின்றன, நடுவில் இருக்க வேண்டிய குரலைக் காணோம். என் போனில் மூன்று ஒலிக்கோப்புகள் எப்போதும் இருக்கும். ஒன்றில் இடப்பக்கம் மட்டும் டோன் (ஒரே சுருதியில் நீளும் சத்தம்), இன்னொன்றில் வலப்பக்கம் மட்டும், மூன்றாவதில் இரண்டு பக்கமும் ஒரே டோன். முதலாவதைப் போட்டேன், சத்தம் வந்தது. இரண்டாவதற்கும் வந்தது. மூன்றாவதைப் போட்டதும் மண்டபமே நிசப்தம்.

மிக்சரில் ஒரு குறையும் இல்லை. போனிலிருந்து இடம், வலம் இரண்டையும் கொண்டுவரும் ஸ்டீரியோ பின்னை அந்தத் தம்பி அப்படியே மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகியிருந்தார். அந்த இன்புட் தன் இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதாவது இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்துவிடும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்திருப்பார்கள். சமமானதைக் கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம். கேபிளை மாற்றியதும் பாடகர் திரும்பி வந்துவிட்டார். அதற்குள் அந்தத் தம்பி வாடகைக்கு வேறு மிக்சர் சொல்லிவிட்டிருந்தார் என்பது தனிக்கதை.

திருநெல்வேலிப் பக்கம் பல வருடங்களாக இந்த வேலைதான் பார்க்கிறேன். முதலில் ஒரு மைக் செட் கடையில் அண்ணாச்சியிடம் எடுபிடியாக இருந்தேன், அப்புறம் தனியாக வந்துவிட்டேன். கடை மேஜையில் இருக்கிற, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கோவில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் போக முடியாது. தோள்பையில் எது அடங்குமோ அதுதான் நமக்குக் கருவி.

பையில் முதலில் கைக்கு வருவது ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரி செல். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். 'டப்' என்று சுத்தமாகக் கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். 'கர்' என்று உரசினால் அந்தச் சுருள் காந்தத்தில் தட்டுகிறது. பிளஸ்ஸில் பிளஸ்ஸை வைக்கும்போது ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) முன்னால் வர வேண்டும். உள்ளே போனால் யாரோ ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஜோடிப் பெட்டியில் ஒன்று இப்படி மாறிவிட்டால் நடுவில் நிற்பவருக்கு பேஸ் (கட்டைச் சத்தம்) காணாமல் போய்விடும். ஆம்ப்ளிஃபயரைத்தான் திட்டுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் மல்டிமீட்டர் வைத்தால் ஆறு, ஏழு ஓம்தான் காட்டும். புதிதாக வருகிற பையன்கள் அதைப் பார்த்து 'ஸ்பீக்கர் வீக்' என்று முடிவு கட்டுவார்கள். மீட்டர் அளப்பது வெறும் டி.சி. மின்தடையை, ஸ்பீக்கரில் எழுதியிருப்பதோ இம்பிடன்ஸ், அதாவது ஏ.சி.யாக வரும் ஒலி சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு. இரண்டும் வேறு வேறு.

இந்தக் குழப்பம் பெரிதாக வெடிப்பது 100 வோல்ட் லைனில்தான். ஊர் முழுக்க ஒயர் இழுத்துக் கம்பத்துக்குக் கம்பம் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டும்போது ஒவ்வொன்றிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் மல்டிமீட்டர் வைத்தால் வருகிற எண்ணுக்கும் ஆம்ப்ளிஃபயர் சுமக்கிற பாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அதற்கு நான் செய்வது பழைய வழி. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டோன் ஜெனரேட்டர், தொடரில் ஒரு வால்யூம் கன்ட்ரோல் (திருகினால் மின்தடை மாறும்), அடுத்து லைன். வால்யூமின் மேல் விழும் வோல்டேஜும் லைனின் மேல் விழும் வோல்டேஜும் சமமாகும் வரை திருக வேண்டும். சமமானதும் வால்யூமைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளந்தால், அதுதான் ஏறக்குறைய லைனின் இம்பிடன்ஸ். டோனை 400 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்வேன். விலை குறைந்த மல்டிமீட்டர்களில் பல ஏ.சி. வோல்ட்டை அதுவரைதான் நம்பும்படி காட்டும்.

கணக்கும் சுலபம்தான். 100 வோல்ட் லைனில் 100ஐ 100ஆல் பெருக்கி வரும் பத்தாயிரத்தை வாட்டால் வகுக்க வேண்டும். 250 வாட் ஆம்ப்ளிஃபயர் என்றால் லைன் 40 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு ஊரில் ராத்திரி ஒன்பதானால் ஆம்ப்ளிஃபயர் சூடேறி அணைந்துவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். அளந்தால் 25 ஓம், அதாவது 400 வாட் பாரம். விசாரித்ததில், தெற்குத் தெருக்காரர்கள் தங்களுக்குக் கேட்கவில்லை என்று சாயங்காலம் அவர்களாகவே நாலைந்து ஹார்னை லைனில் முறுக்கிவிட்டிருக்கிறார்கள். நான் ஒயரைப் பிரித்ததற்கு அந்தத் தெருவில் இன்றைக்கும் இரண்டு பேர் என்னுடன் பேசுவதில்லை.

நான் மிகவும் அசிங்கப்பட்டது ஒரு அம்மன் கோவில் கொடையில். வில்லுப்பாட்டு தொடங்கப் போகிறது. பாடும் அம்மாவின் மைக்கில் விட்டு விட்டு 'கரகர' என்று சத்தம். அப்போதுதான் லேப்டாப் வாங்கியிருந்தேன், எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று கம்பம் கம்பமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் சாஃப்ட்வேரும் போட்டிருந்தேன். ஊர் பார்க்க அதை விரிக்க வேண்டும் என்கிற ஆசை வேறு. பேட்டரி குறைவாக இருந்ததால் பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து சார்ஜர் போட்டேன். மிக்சரோடு இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று தடிமனான ஹம். திரையில் 50 ஹெர்ட்ஸில் ஒரு கம்பம், 150இல் ஒரு கம்பம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆம்ப்ளிஃபயர் சப்ளையில் டி.சி.யைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டென்சர் போய்விட்டது என்று சுற்றி நின்றவர்களிடம் விளக்கமே கொடுத்தேன். டவுனுக்கு ஆள் அனுப்பி வேறு ஆம்ப்ளிஃபயர் வரவழைத்தோம். முக்கால் மணி நேரம் போனது. மாற்றி மாட்டினோம். அதே 'ம்ம்ம்'.

ஓரமாகப் போய் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏல, சார்ஜரைப் பிடுங்கிப் பாத்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"பிடுங்கு."

பிடுங்கினேன். ஹம் போய்விட்டது. செட்டுக்குக் கரண்ட் பந்தலில் கொடுத்த தற்காலிக இணைப்பிலிருந்து, சார்ஜருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து. இரண்டு எர்த்துக்கும் நடுவே என் கேபிள் வழியாக ஒரு வளையம் உண்டாகிவிட்டது. இல்லாத நோயை நானே கொண்டுவந்து வைத்துவிட்டு அதற்கு வைத்தியமும் பார்த்திருக்கிறேன்.

அதைவிட வெட்கம், திரை என்னிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குப் பின்னால் ஃபில்டர் கண்டென்சர் போனால் ஹம் 100 ஹெர்ட்ஸில் வரும், 50இல் வராது. 50 வந்தால் எர்த்தையும், கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றியிருக்கும் ஷீல்டையும் பார் என்பது கடையில் முதல் வருடமே படித்த பாடம். ஹம் கட்டையாக இருக்கிறதா, ஒரு ஸ்தாயி மேலே இருக்கிறதா என்று காதை வைத்தே அண்ணாச்சி சொல்லிவிடுவார். எனக்கு எண்ணே கண் முன்னால் நின்றது, நான் கம்பத்தின் உயரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரகரப்பு என்ன ஆனது என்றால், அது மைக் கேபிளில். கேபிள் டெஸ்டரில் போட்டேன், ஒயருக்கு ஒன்றாக மூன்று விளக்கும் பளிச்சென்று எரிந்தன. கேபிளை நீட்டிப் போட்டுப் பார்த்தால் எந்தக் கேபிளும் நல்ல கேபிள்தான். பின்னின் கழுத்தைப் பிடித்து அந்த அம்மா வீசுகோல் அடிக்கும்போது சாய்வது மாதிரி ஆட்டினேன். ஒரு விளக்கு கண் சிமிட்டியது. ஷீல்டு இழைகளில் இரண்டோ மூன்றோதான் ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டி, சால்டரிங் வைத்து ஒட்ட ஐந்து நிமிடம் ஆனது. பாட்டு ஒன்றரை மணி நேரம் தாமதம். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குடம் அடிப்பவர் மட்டும் என் லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தார்.

அதற்குப் பிறகு கரண்டில் செருகுகிற எதையும் சோதனைக்கு எடுத்துப் போவதில்லை. டோன் ஜெனரேட்டர், கேபிள் டெஸ்டர் எல்லாம் 9 வோல்ட் பேட்டரியில்தான். அண்ணாச்சி செய்து கொடுத்த இன்ஜெக்டர் ஒன்று இருக்கிறது, சர்க்யூட்டுக்குள் சோதனைச் சத்தத்தைச் செலுத்தும் கருவி. இரண்டு பி.சி.547 டிரான்சிஸ்டர், மார்க்கர் பேனா கூட்டுக்குள் அடக்கம். 'கீ' என்று கத்தும். அதன் முனையை ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் கன்ட்ரோல் நடுக்காலில் வைப்பேன். சத்தம் வந்தால் கோளாறு அதற்கு முன்னால், வராவிட்டால் பின்னால். அப்புறம் மிஞ்சிய பாதியில் இன்னொரு பாதி. எதையும் தொடும் முன் இன்ஜெக்டரை ஒரு ஹெட்போனில் வைத்து அது கத்துகிறதா என்று கேட்டுக்கொள்வேன். ஒரு தடவை பேட்டரி தீர்ந்துபோனது தெரியாமல் நல்ல போர்டை முழுக்கப் பிரித்திருக்கிறேன்.

போனில் சத்தம் அளக்கும் ஆப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். அது காட்டுகிற டெசிபலை மட்டும் நம்பக் கூடாது. முறையான மீட்டரை 1 கிலோஹெர்ட்ஸில் 94 டெசிபல் கொடுக்கும் காலிபிரேட்டரில் வைத்துச் சரிபார்ப்பார்கள். போனுக்கு யார் அப்படிச் செய்கிறார்கள்? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. "என் போன்ல கம்மியாத்தான் சார் காட்டுது" என்று ஒருவர் போலீஸ்காரரிடம் வாதாடியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாதம் எடுபடவில்லை.

பையின் அடியில் பழைய துண்டில் சுற்றி 100 வாட் குண்டு பல்பு ஒன்று வைத்திருக்கிறேன், சீரிஸ் போர்டுக்கு. சந்தேகமான ஆம்ப்ளிஃபயரை நேராகக் கரண்டில் போடாமல் பல்பு வழியாகப் போடுவோம். ஒரு நொடி எரிந்து மங்கினால் தைரியமாக மேலே போகலாம். விடாமல் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட், ஃபியூஸ் ஒன்று மிச்சம். இப்போது வருகிற எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் முறை) சப்ளைகளில் சில இந்தப் பல்பைக் கண்டு மிரண்டு அணைந்து அணைந்து எரியும், அங்கே இது உதவாது. எல்.இ.டி. பல்பும் இந்த வேலைக்கு ஆகாது, இழை உள்ள குண்டு பல்புதான் வேண்டும். கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு பழைய எலக்ட்ரிக்கல் கடையில் பரணில் கிடந்த நாலு பல்பைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். இரண்டை அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றரை வோல்ட் செல்லையும் ஒரு ஸ்பீக்கரையும் தொடரில் வைத்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.