மாரான் பஸ்ஸுக்குப் புளிச்சோறு

பங்குனி உத்திரத்துக்கு மலேசியாவில் பகாங் மாநிலத்து மாரான் மரத்தாண்டவர் முருகன் கோயிலுக்குப் போறோம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பஸ், 40 பேர், ராத்திரிப் பயணம். சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில்.

காலைப் பசியாறலுக்கு நாசி லெமாக் வேணுமாம் இளசுகளுக்கு; தேங்காய்ப்பாலில் வேகவைச்சு, நெத்திலி சம்பலோடு சாப்பிடுற மலாய்ச் சோறு. கோயில் பயணம், சைவம்தான், நெத்திலி கிடையாது. அது போகட்டும், தேங்காய்ப்பால் சோறு இந்தப் புழுக்கத்தில் விடியறதுக்குள் ஊசிப்போகும். முடியாதுன்னுட்டேன்.

புளிச்சோறுதான். 5 கிலோ அரிசியை உதிரியா வடிச்சு, அகலமா பரப்பி, நல்லா ஆறின பிறகே நல்லெண்ணெய் மிதக்கிற புளிக்காய்ச்சலைக் கிளறணும். சூட்டோடு பொட்டலம் கட்டினா உள்ளே வேர்த்து அதுவும் கெடும். வறுத்த கச்சான் (நிலக்கடலை) தனிப் பையில், இல்லைன்னா நமுத்துப்போகும்.

தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல். பெரியம்மாவுக்கு மட்டும் அப்பளம்; அது இல்லாமல் அவங்களுக்குச் சோறு இறங்காது. மதியம் கோயில் அன்னதானம் இருக்கு. திரும்பும்போது வழியில் கடையில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), அவரவர் காசில்.