காஃப் மலையில் ஒன்பது வாரங்கள்

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன்' என்ற வீடியோ விளையாட்டைத் தொடங்கி ஒன்பது வாரங்கள் ஆகின்றன. வாரத்துக்கு இரண்டு இரவுகள், இரவுக்கு ஒன்றரை மணி நேரம் என்பதே எனக்குக் கிடைக்கும் அவகாசம் என்பதால், மற்றவர்கள் எப்போதோ கடந்துவிட்ட இடங்களில்தான் நான் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வரிசையின் முதல் விளையாட்டை ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் II கணினிக்காக உருவாக்கினார். தம் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்தே இளவரசனின் ஓட்டத்தை வரைந்தார். பள்ளிக் கணினி அறையில் அதை விளையாடியபோது, 60 நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்க வேண்டும் என்ற கெடுவை ஒருமுறைகூட நான் எட்டியதில்லை. 2024 ஜனவரியில் வெளிவந்த இப்புதிய விளையாட்டை, 'ரேமேன் லெஜெண்ட்ஸ்' செய்த யுபிசாஃப்ட் மொன்பெலியே குழுவினர் உருவாக்கியிருக்கிறார்கள். இதில் நாம் இளவரசன் அல்லர். கடத்தப்பட்ட இளவரசன் கஸ்ஸானைத் தேடிக் காஃப் மலைக்குச் செல்லும் சார்கன் என்ற இரட்டைவாள் வீரன். பாரசீகத் தொன்மங்களில் வரும் சீமுர்க் என்னும் மாபெரும் பறவையின் இறகுகளிலிருந்தே அவனுக்கு ஆற்றல்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. பாரசீக மொழியிலேயே குரல் வைத்து விளையாட முடிகிறது என்பதால் முதல் நாளே அதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அந்த ஓசை அந்த மலைக்குப் பொருந்துகிறது.

முதல் மூன்று வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதிரியிடம் மஞ்சள் ஒளி தோன்றினால் வாளால் தட்டித் தடுக்க வேண்டும், சிவப்பு ஒளி தோன்றினால் தடுக்க முயலாமல் விலக வேண்டும் என்ற எளிய விதியை என் விரல்கள் ஏற்றுக்கொள்ளவே அவ்வளவு காலம் ஆயிற்று. கீழ் நகரத்தில் ஜஹந்தார் என்ற மனிதமுகச் சிங்கத்திடம் பதினான்கு முறை இறந்தேன். பதினைந்தாவது முறை வென்றதற்குத் திறமையைவிட, அது பாயும் முன் பின்வாங்கும் ஒரு நொடியைக் கண்கள் அடையாளம் கண்டுகொண்டதே காரணம்.

நான்காம் வாரத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வழிகாட்டுதல் இல்லாத முறையைப் பெருமைக்காகத் தேர்ந்தெடுத்திருந்த எனக்கு, ஐந்து நாள் இடைவெளிக்குப் பிறகு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது, எந்தக் கதவு எதற்காகப் பூட்டியிருந்தது என்பது அறவே நினைவில் இல்லை. இரண்டு இரவுகள் ஹிர்கேனியக் காட்டில் போன வழியிலேயே போய்க்கொண்டிருந்தேன். (காஸ்பியன் கடலின் தென்கரையில் உண்மையாகவே அப்பெயரில் காடுகள் இருக்கின்றன, வழி தவறியதில் எனக்குக் கிடைத்த லாபம் அதைத் தேடிப் படித்தது மட்டுமே.) அதன் பிறகுதான் நினைவுத் துண்டுகளை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கினேன். ஒரு பொத்தானை அழுத்தினால், அப்போது திரையில் தெரியும் காட்சி படமாகி, வரைபடத்தில் அதே இடத்தில் பதிந்துவிடுகிறது. எட்டாத மேடை, திறக்காத கதவு என ஒவ்வொன்றையும் இப்படிக் குத்திவைத்தால், புதிய ஆற்றல் கிடைத்தவுடன் எங்கே திரும்ப வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. துண்டுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் எதைப் படமெடுப்பது என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கஞ்சத்தனமும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஃபரீபா என்ற சிறுமி விற்கும் வரைபடங்களையும் இப்போது தயங்காமல் வாங்குகிறேன்.

ஆறாம் வாரம் முதல் இன்றுவரை என் நேரத்தைத் தின்பது சீமுர்க்கின் நிழல் என்ற ஆற்றல். நிற்கும் இடத்திலோ காற்றிலோ நம் உருவத்தை விட்டுவிட்டுச் சென்று, மீண்டும் அழுத்தினால் கண்ணிமைப்பதற்குள் அங்கேயே திரும்பிவிடலாம். கேட்க எளிது, ஆனால் தாவும்போதே திரும்ப வேண்டிய இடத்தைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பதால், முன்னோக்கி ஓடப் பழகிய மூளை முரண்டு பிடிக்கிறது. கட்டைவிரல் அவசரப்பட்டு இரண்டு முறை அழுத்திவிட, பாதி வழியில் பின்னுக்கு இழுக்கப்பட்டு முள்ளில் விழுந்த கணக்கை எழுதிவைக்கவில்லை. விழுந்தால் கொஞ்சம் உயிர் குறைந்து, அருகிலிருந்த பாதுகாப்பான தரையில் மீண்டும் எழுகிறோம். பழைய விளையாட்டில் முள்மீது விழுந்தால் கதை முடிந்தது. தண்டனை சிறியது என்ற துணிச்சலில்தான் அறைகளை இவ்வளவு கொடுமையாக அமைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

தேடிச் சேர்க்க வேண்டிய அரிய செர்க்செஸ் நாணயங்கள் இருக்கும் அறைகள் அதிலும் மோசம். நாணயத்தைத் தொட்டால் போதாது; அதோடு உயிருடன் தரையில் இறங்க வேண்டும். ஏழாம் வாரத்தில் ஓர் அறைக்கு ஒன்றரை மணி நேரம் முழுவதையும் கொடுத்து, நாணயத்தை ஒன்பது முறை தொட்டு, ஒருமுறைகூடத் தரைக்குக் கொண்டுவராமல் படுக்கப் போனேன். மறு இரவு மூன்றாவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. தூங்கி எழுந்த கைக்கும் களைத்த கைக்கும் அவ்வளவு வேறுபாடு இருப்பதால், இப்போது கடினமான அறைகளை முதல் அரைமணியில் மட்டும் முயல்கிறேன். பிறகு, உயிரை நிரப்பி ஆட்டத்தைச் சேமிக்கும் வாக்-வாக் மரத்தடியில் இளைப்பாறி, திறன் கூட்டும் தாயத்துகளை மாற்றிக்கொண்டு, சண்டைகளுக்குப் போகிறேன்.

தாண்டுதல் பகுதிகளைத் தவிர்க்க உதவும் வாயில்களை அமைப்புகளில் இயக்கிக்கொள்ளலாம். விரல் வலிப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு; எட்டாம் வாரத்தில் ஓர் அறைக்காக நானும் இயக்கினேன், பின் மனம் கேட்காமல் அணைத்துவிட்டு அதே அறைக்குள் மீண்டும் நுழைந்தேன். அந்த அறை இன்னும் முடியவில்லை. வரைபடத்தில் இப்போது ஐந்து படங்கள் பாக்கி இருக்கின்றன. வரும் சனி இரவு இரண்டையாவது அழிக்க வேண்டும்.